சலமாங்காவில் ஒரு முதிய மாணவன்

மத்ரித் நகரிலிருந்து புகையிரதத்தில் இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்த பயணந்தான். வறண்ட வயல்களையே பார்த்து வந்த கண்களுக்கு, தோர்மெஸ் ஆற்றங்கரையில் பொன்னிறமாக எழுந்து நின்ற சலமாங்கா நகரம் பெருவிருந்தாயிற்று. அருகிலுள்ள வில்லமயோர் என்னும் ஊரில் வெட்டிய மணற்கல்லால் அமைந்தது அந்நகரம். அக்கல்லில் இரும்புச் சத்து உண்டு; வெயிலும் காற்றும் பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல அது பொன்னிறம் கொள்கிறது.

1218ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகம் கண்ட ஊர் அது. ஸ்பானிய மொழியின் முதல் இலக்கண நூலாகிய நெப்ரிஹாவின் நூல், கொலம்பஸ் கடல் கடந்த அதே 1492இல் இங்கேதான் அச்சேறியது. கல்லூரியொன்றில் பதினெட்டு ஆண்டுகளாக இலக்கணம் போதித்து வரும் நான், விடுமுறையில் மூன்று வாரம் அம்மொழியின் அரிச்சுவடியைக் கற்கவென இவ்வூரைத் தேர்ந்தது பொருத்தமே என்று எண்ணிக்கொண்டேன். அந்தச் செருக்கு முதல் நாள் இராப்போசனம் வரையில்தான் நிலைத்தது.

நான் தங்கிய வீட்டின் அம்மையார் எழுபதைக் கடந்த விதவை. அவர் தந்த சூப்பைப் புகழ்ந்து “புவேனோ” என்றேன். கரண்டியால் மேசையை மெல்லத் தட்டி, “புவேனா” என்றார். நல்லது என்று சொல்வதிலும் பால் தவறிவிட்டதாம், சூப் பெண்பால்!

நல்ல பையன், நல்ல பெண், நல்ல நூல்கள் என்று ஒரே ‘நல்ல’வை எங்கும் கொண்டு செல்லும் நமக்கு இது பெருந்தொல்லை. அங்கே பெயரடை தன் பெயர்ச்சொல்லின் பாலையும் எண்ணையும் ஏற்று உருமாற வேண்டும். வெண்மையான பாண் ‘பிளாங்கோ’. வெண்மையான மேசை ‘பிளாங்கா’. பலவானால் இறுதியில் ஒரு ஸகரமும் சேரும். பாணை அவர்கள் ‘பான்’ என்பர், மேசையை ‘மேசா’ என்பர். அவற்றின் உறவுச் சொற்களைத்தான் போர்த்துக்கேயர் நமக்குத் தந்தனர். பாலை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தனர் போலும்!

வகுப்பறையில் விளங்காதது வீதியில் விளங்கியது. பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னே வரும் என்பதற்கு அந்நகரமே பாடபுத்தகம். ஆற்றின்மேல் உள்ள ‘புவென்தே ரொமானோ’, உரோமானியப் பாலம். பாலம் ஆண்பாலாதலால் ‘ரொமானோ’. மேட்டின்மேல் இரண்டு பேராலயங்கள் ஒட்டியபடி நிற்கின்றன: ‘கத்தெத்ரால் வியேஹா’, பழையது, ‘கத்தெத்ரால் நுவேவா’, புதியது. இரண்டும் பெண்பால். புதியது என்பதன் கட்டட வேலை 1513இல் தொடங்கி 1733இல் முடிந்ததென்று அறிந்தபோது சிரித்துவிட்டேன். பக்கத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மூத்தவள் நிற்கும்வரை இளையவள் என்றும் புதியவளே. ‘பிளாசா மயோர்’ என்னும் பெருஞ்சதுக்கத்தில் மட்டும் சற்று ஆறுதல் கிடைத்தது. ‘மயோர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறுவதில்லை. அதன் வளைவுகளின் நிழலில் அமர்ந்து நான் மனனம் செய்த சொற்கள் பல.

பல்கலைக்கழக முகப்பின் நுண்சிற்பங்களுள் மண்டையோடொன்றின்மேல் ஒரு தவளை உண்டு. பிறர் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவன் பரீட்சையில் சித்தியடைவான் என்பது ஐதீகம். நான் அரைமணி நேரம் தேடித் தோற்றேன்; ஒரு சிறுமி காட்டித் தந்தாள்.

கடைசி வாரத்தில் ஒரு மாலை, சுவரிலிருந்த படமொன்றை எடுத்து அம்மையார் என்னிடம் தந்தார். காலஞ்சென்ற கணவர். கிராமத்துப் பள்ளி ஆசிரியராம். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்களுக்கு இரவில் விளக்கேற்றி எழுத்தறிவித்தாராம். பாதி சொல்லாலும் பாதி கையசைவாலும் கூறினார். என் நெஞ்சு நிறைந்தது. பெரிய மனிதர் என்று சொல்ல விரும்பினேன். பாடுபட்டுக் கற்ற விதியை மறவாமல், பெயரடையைப் பின்னே வைத்து, “ஓம்ப்ரே கிராந்தே” என்றேன்.

அம்மையார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தம் தோளளவில் கையை வைத்து, “பெக்கேஞோ” என்றார். சிறியவர். அப்போதுதான் கவனித்தேன்: படத்தில் அவர் மனைவியிலும் ஒரு சாண் குட்டையாக நின்றார். நான் சொன்னது ‘பருத்து உயர்ந்த ஆள்’ என்பதே!

நம் ‘பெரிய மனிதர்’ உடலுக்கும் பொருந்தும், உள்ளத்துக்கும் பொருந்தும். அங்கே இடம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. சென்ற தவணையில் ஒரு மாணவனின் கட்டுரைப் பிழையை உரக்கப் படித்து, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தவன் நான். அவன் தலை குனிந்திருந்த விதம் அக்கணத்தில் என் கண்முன் வந்தது.

அம்மையார் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த குவளைக்கு வலப்புறம் கிடந்த கரண்டியை எடுத்து இடப்புறம் வைத்தார். “கிரான் ஓம்ப்ரே,” என்றார். முன்னே வந்ததும் அச்சொல் குறுகிவிட்டது, பொருளோ வளர்ந்துவிட்டது. நானும் சொன்னேன். இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். சொன்னேன். மேலங்கியின் நுனியால் படத்தைத் துடைத்து, நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

அதற்குள் சூப் ஆறிவிட்டது. அவர் கேட்டபோது, “ஃப்ரீயா” என்றேன். பெண்பால் தவறவில்லை. தலையசைத்துவிட்டு, அதைச் சூடாக்கி வர எழுந்து போனார்.