பொறி காட்டும் குறி

செஞ்சி என்றதும் பலர் நினைவில் எழுவன மூன்று மலைகளும் அவற்றை இணைத்து ஓடும் மதிலுமே ஆகும். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இக்கோட்டை, மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளுள் ஒன்றாக, உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. கோட்டையைக் காண வருவோர் அதன் அடியில் உள்ள ஊரை அவ்வளவாக நோக்குவதில்லை. அவ்வூரிலும், தமிழ்நாட்டின் பிற ஊர்களிற் போலவே, இரவு உணவு முடிந்த பின்னர் ஒரு வேலை எஞ்சி நிற்கிறது. அடிப்பிடித்த பால் பாத்திரமும், குழம்புச் சட்டியும், எண்ணெய் படிந்த வாணலியும் தொட்டியில் குவிந்து கிடக்கின்றன. உண்டவர் பலர்; துலக்குபவர் பெரும்பாலும் ஒருவர். அவர் அன்னையாக இருக்கலாம். முழங்கால் வலியோடு நிற்கும் பாட்டியாக இருக்கலாம். மறுநாள் தேர்வு எழுத வேண்டிய மகளாகவும் இருக்கலாம்.

இந்த உழைப்பைக் குறைக்கப் பிறந்ததே பாத்திரம் துலக்கும் பொறி. அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரன் என்னும் அம்மையார் 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பாத்திரங்களைக் கம்பிக் கூடையில் அடுக்கி, அவற்றின்மீது நீரை விசையோடு பாய்ச்சுவதே அதன் அடிப்படை. 1893இல் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்றைய பொறியும் அம்முறையிலேயே இயங்குகின்றது. ஒரு முறை முழுவதும் துலக்கி முடிக்க அதற்கு வேண்டுவது ஏறத்தாழ 10 முதல் 15 லிட்டர் நீர். திறந்துவிட்ட குழாயின் கீழ் அத்தனை பாத்திரங்களையும் கழுவினால் இதனினும் மிகுந்த நீர் ஓடிவிடும். இரும்புத் தோசைக்கல்லையும் பித்தளைக் குத்துவிளக்கையும் மட்டும் அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. முன்னது துருப்பிடிக்கும், பின்னது ஒளி மழுங்கும். பித்தளைக்குப் புளியே இன்றும் போதும்.

இத்தகைய பொறியொன்று செஞ்சியில் ஓர் இல்லத்தில் இருப்பதாகக் கொள்க. ஒரு நாள் மாலை அது பாதியில் நின்றுவிடுகிறது. கீச்சென்று ஒலி எழுப்புகிறது. அதன் முகப்பில் இரண்டு எழுத்துகள் மின்னுகின்றன.

“இது என்ன கண்ணு, இப்படிக் கத்துகிறது? கெட்டுப் போயிற்றா?” என்று வினவுகிறார் பாட்டி.

“கெட்டுப் போயிருந்தால் கத்தியிராது, பாட்டி. ஏதோ சொல்லுகிறது” என்கிறாள் பேர்த்தி.

அவள் கூறியது உண்மை. பொறியினுள் நீரை அளக்கும் கருவியும், வெப்பத்தை உணரும் கருவியும், கசிவை அறியும் மிதவையும் உள்ளன. அவற்றுள் ஒன்று எதிர்பார்த்ததை உணராவிடின், பொறி தன் வேலையை நிறுத்திக் குறி ஒன்றைக் காட்டுகிறது. இக்குறிகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல. எல்.ஜி. பொறிகளில் ‘ஐ.இ.’ என்பது நீர் உட்புகுவதில் தடை; ‘ஓ.இ.’ என்பது நீர் வெளியேறுவதில் தடை. பாஷ் நிறுவனத்தின் பல பொறிகளில் வெளியேறுவதில் உள்ள தடையை ‘இ-24’ என்னும் குறி காட்டும். ஆகவே பொறியோடு வரும் கையேட்டை அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுதல் அறிவுடைமை அன்று.

கையேட்டில் குறியின் பொருளைக் கண்டவுடன் காரணத்தையும் கண்டுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் நோயையும் நோயின் காரணத்தையும் வெவ்வேறாக நாடச் சொல்லுகிறது. பொறி காட்டும் குறி நோயை மட்டுமே சொல்லும். காரணத்தைத் தேடுதல் வீட்டாரின் பொறுப்பு. அத்தேடலை எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

நீர் புகவில்லை என்னும் குறியையே எடுத்துக்கொள்வோர், முதலில் பொறிக்குரிய குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தல் நன்று. நகைப்புக்கு இடமாகத் தோன்றினும், மூடிய குழாயே காரணமாக இருப்பதுண்டு. அடுத்து, பின்புறத்து நெகிழ்குழாய் சுவரில் நசுங்கியிருக்கலாம். அதன் முனையில் உள்ள சிறு வலையில் ஆழ்துளைக் கிணற்று மணல் அடைத்திருக்கலாம். குழாயை மூடி, நெகிழ்குழாயைக் கழற்றி, வாளி ஒன்றை வைத்துக் குழாயைத் திறந்தால் நீரின் வேகம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் செம்மையாக இருந்தும் குறி மறையவில்லை என்றால், மாடியை நோக்க வேண்டும். பல பொறிகளின் கையேடுகள், நீர் குறைந்தது 0.5 பார் அழுத்தத்தோடு வரவேண்டும் என்று கூறுகின்றன. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் உண்டு, ஆதலின் 0.5 பாருக்கு 5 மீட்டர் உயரம் தேவை. ஒரே தளமுள்ள வீட்டின் கூரைமீது தொட்டியை அப்படியே வைத்தால், பொறியின் குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே அவ்வளவு உயரம் கிடைப்பதில்லை. கைகழுவும் குழாயில் நீர் தாராளமாக வரும். பொறிக்கோ அது போதாது. பொறி பழுதற்றது, பழுது தொட்டியின் உயரத்தில் உள்ளது! தொட்டியை மேடை கட்டி உயர்த்தலாம். இயலாவிடின் அழுத்தம் கூட்டும் சிறு பம்பு ஒன்றைப் பொருத்தலாம்.

இவ்வுண்மை செஞ்சிக்குப் புதியதன்று. கீழ்க்கோட்டையில் கூம்பிய முடியோடு பல தளங்களாக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலுக்கு, மதிலுக்கு அப்பாலிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொணரப்பட்டது என்றும், அது மேல் தளங்களுக்கும் ஏறியது என்றும் கூறுவர். மின்பம்பு இல்லாத காலம் அது. நீர் தான் புறப்பட்ட மட்டத்திற்கு மேல் தானாக ஏறாது என்பதை அறிந்தவரே அத்தகைய குழாய்வழியை அமைத்திருக்க முடியும். மலையுச்சிப் பீரங்கியை வியப்போர் அந்தக் குழாய்களையும் சற்று வியக்கலாம்.

நீர் வெளியேறவில்லை என்னும் குறிக்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொறியின் அடியில் உள்ள வடிகட்டியில் சோற்றுப் பருக்கையும், கறிவேப்பிலையும், மிளகாய் விதையும், தேங்காய்த் திப்பியும் அடைந்திருக்கும். உண்ட எச்சிலை வழித்தெறிந்து அடுக்குவதும், வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவதும் போதும்.

கசிவு என்னும் குறியே வீட்டாரை மிகவும் அச்சுறுத்துவது. அச்செஞ்சி இல்லத்தில் அது ஒரு நாள் தோன்றியதாகக் கொள்க. குழாய் வெடித்தது என்றார் ஒருவர். புதுப் பொறி வாங்க வேண்டும் என்றார் மற்றொருவர். பேர்த்தியோ கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெண்ணுரை மலை போல் எழுந்து நின்றது. பொறிக்குரிய தூள் தீர்ந்து போனமையால், கையால் துலக்கும் சோப்புத் திரவத்தை யாரோ இரண்டு கரண்டி ஊற்றியிருந்தனர். கைக்கு நுரை இனியது. பொறிக்கு அது பகை. விசையோடு பாயும் நீரில் அந்தத் திரவம் பெருநுரையாகப் பொங்கி, விளிம்பைக் கடந்து அடித்தட்டில் இறங்கும். அங்குள்ள மிதவை எழுந்து பொறியை நிறுத்திவிடும். வீட்டில் வெள்ளம் பரவாமல் காப்பதற்கென்றே அம்மிதவை வைக்கப்பட்டுள்ளது.

அவர்கள் செருகியைப் பிடுங்கினர், குழாயை மூடினர். நுரையை அள்ளி எடுத்தனர். இருவர் சேர்ந்து பொறியை மெல்லச் சாய்க்க, அடித்தட்டில் தேங்கிய நீர் வடிந்தது. அதன்பின் தூளும் பாத்திரமும் இன்றி இருமுறை வெறும் நீரால் ஓடவிட்டனர். குறி மறைந்தது. நுரை இல்லாமலே அடித்தட்டில் மீண்டும் நீர் சேருமாயின், அது உண்மைக் கசிவு. அதனைப் பழுது பார்ப்பவரே நோக்க வேண்டும்.

வெப்பம் ஏறவில்லை என்னும் குறி பெரும்பாலும் மெல்ல மெல்ல வளர்ந்து வரும் நோய். பாறை நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் சூடேறும்போது வெண்ணிறப் படலமாக வெப்பக் கம்பியில் படிகின்றன. பொறியில் உப்பு இடுவதற்கு ஓர் அறை இருப்பது இதன் பொருட்டே. அதன் அருகில் உள்ள பிசின் மணிகள் நீரிலுள்ள சுண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். உப்பு நீர் அம்மணிகளைக் கழுவி மீண்டும் பயன்படச் செய்யும். உப்பு தீர்ந்துவிட்டது என்னும் சிறு விளக்கைப் புறக்கணிப்போர், கண்ணாடிக் குவளைகளில் வெண்புள்ளிகளை முதலில் காண்பர். வெப்பக் குறியைப் பின்னர்க் காண்பர்.

வீட்டார் செய்யக் கூடுவன இவ்வளவே. கதவின் உட்பலகையைத் திருகு கழற்றித் திறப்பதும், மின்கம்பிகளைத் தொடுவதும் அவர்தம் வேலை அல்ல. நீரும் மின்சாரமும் ஒரே பெட்டியுள் அடுத்தடுத்து உறைகின்றன என்பதை மறத்தல் கூடாது.

பழுது பார்ப்பவரை அழைக்கும்போது “பொறி ஓடவில்லை” என்று மட்டும் கூறினால், அவர் திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து பார்த்து, வேண்டிய உறுப்பைக் கொணர மீண்டும் ஒருமுறை செல்வார். “நீர் புகுந்தது, துலக்கியது, வெளியேறும் வேளையில் இந்தக் குறி தோன்றியது, வடிகட்டியைக் கழுவிப் பார்த்தாயிற்று” என்று கூறினால், உரிய உறுப்பை முதல் வருகையிலேயே கையோடு கொண்டுவர அவருக்கு வழியுண்டு. அப்பேர்த்தி குறியையும் நாளையும் பார்த்தவற்றையும் பழைய கணக்கேடு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறாள். அவர் வரும்வரை இரவுப் பாத்திரங்களைத் துலக்கும் முறை அவளுடைய அண்ணனுக்கு என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.