தரங்கம்பாடிக்கு ஒரு பிற்பகல் உலா

பாலாநகரில் வளரும் நம் குழந்தைகளுக்குச் சாகரம் என்றாலே உசேன் சாகர்தான் நினைவுக்கு வரும். பெயரில் கடல் இருப்பினும் அது 16-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பெற்ற ஏரியே. மெய்யான கடலைக் காண வேண்டுமாயின் சூரியலங்கைக்கோ மசூலிப்பட்டினத்திற்கோ முந்நூறு கிலோமீட்டர் அளவு செல்லுதல் வேண்டும். ஆதலின், பகலுணவுக்குப் பின் புறப்பட்டு இரவுணவுக்குத் திரும்பிவிடும் கடற்கரைப் பயணம் என்பது, ஊருக்குச் செல்லும் விடுமுறையில் மட்டுமே நமக்கு வாய்க்கும் இன்பம்.

சென்ற கோடையில் மயிலாடுதுறையில் என் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவ்வின்பம் வாய்த்தது. மூன்று மணியளவில் காரில் புறப்பட்டோம். தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. 1926 முதல் 1987 வரை அவ்வூருக்கு ஓடிய ரயிலின் பெருமையை அத்தான் சொல்லிக்கொண்டே வந்தார். செம்பொனார்கோயிலையும் ஆக்கூரையும் கடந்தோம். திருக்கடையூரில், அறுபதாம் கல்யாணம் முடித்த முதியோர் இருவர் மாலையுங் கழுத்துமாக நின்று பேரக் குழந்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தனர். அதற்கப்பால் காற்றில் உப்பின் மணம் கலந்தது.

என் இளைய மகளுக்கு வயது ஒன்பது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் நன்கு படிக்கின்றாள். தமிழ் பேசுவாளேயன்றி எழுதப் பழகச் சொன்னால் கண் கலங்குவாள். “நம்ம தெருவுல ஒரு பலகைகூடத் தமிழ்ல இல்லையே, அப்பா! நான் ஏன் படிக்கணும்?” என்பது அவளுடைய நெடுநாளைய வினா. அதற்கு விடை கூறி அவளை இணங்கச் செய்ய இயலாமல் நானும் என் மனைவியும் பலநாள் கவலையுற்றதுண்டு.

1792-இல் எடுக்கப்பெற்ற நகர வாயிலின் வழியே உள்ளே நுழைந்தோம். தெருவின் கோடியில் கடல்! டேனியர் கோட்டை அதன் கரையிலேயே நிற்கின்றது. தெலுங்கில் காவியம் இயற்றிய தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்கு நாட்டாருக்கு இவ்விடத்தை அளித்தார்; 1845-இல் அவர்கள் இதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். அருகே, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலைகள் அரித்துவிட்டன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கியது.

கரையோரம் சீகன்பால்குவின் நினைவாகத் தமக்கையார் குழந்தைகளுக்கு அவர் கதையைச் சொன்னார். 1706-இல் இங்கு வந்திறங்கிய அந்த ஜெர்மானிய இளைஞருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முதிய ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்களை இவ்வூரிலேயே வார்த்தனர். நூல் 1715-இல் நிறைவெய்தியது. வார்ப்பும் அச்சும் நம் பாலாநகரத்தார்க்குப் புதியன அல்ல. மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968-இல் தோன்றியதும் நம் பாலாநகரில்தானே! ‘ழ’கரத்தையும் ‘ண’கரத்தையும் உலோகத்தில் சிறிதாக வடித்தெடுத்த கைகளின் உழைப்பு எத்தகையது என்பதை நம் பட்டறைத் தோழர்கள் நன்கறிவர்.

“அவ்வளவு பெரியவரா, அத்தை, சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்தார்?” என்றாள் மகள். பின்பு ஒன்றும் பேசாமல் ஈரமணலில் அமர்ந்து தன் பெயரை எழுதினாள். அலை வந்து அழித்தது. மீண்டும் எழுதினாள். மூன்றாம் முறை, விட்டுப்போன புள்ளியைத் தானே கண்டு வைத்தாள். எவரும் அவளை ஏவவில்லை. நாங்கள் கொண்டுசென்ற முறுக்கும் சுண்டலும் தீருமட்டும் அவள் எழுந்திருக்கவே இல்லை.

நம் பிள்ளைகள் தெலுங்கைச் செம்மையாகக் கற்கட்டும். நமக்குச் சோறளிக்கும் மண்ணின் மொழி அது. அதனால் தமிழ் தேய வேண்டுவதில்லை. கடல் கடந்து வந்தவர் கற்ற மொழியை, வீட்டில் நாளும் கேட்டு வளரும் குழந்தை எழுதக் கற்றல் அரிதன்று. பெரியவர்கள் உடன் அமர்தல் வேண்டும், அவ்வளவே. விசயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் தொடங்கும் எழுத்தை அடுத்த விசயதசமி வரையிலும் விடாது தொடரச் செய்வோமாக.