கொங்கண நாட்டில் ஓர் அடுப்பங்கரை

மும்பைவாழ் அன்பர்களுள் கொங்கண் இரயில் பாதையில் கோவா சென்று வருவோர் பலர். நடுவே குடாலில் இறங்குவோர் சிலரே. இரயில்வே எழுத்தருக்குரிய பாஸைக் கொண்டு சென்ற பங்குனியில் நாங்கள் குடும்பத்துடன் அங்கே சென்றோம். இரவில் தாதரில் கொங்கண்கன்யாவில் ஏறினால் காலையில் குடால். அலுவலகத் தோழர் ஒருவரின் பெற்றோர் வாழும் சிற்றூர் அதன் அருகே உள்ளது.

செந்நிறப் பாறைக்கல்லால் கட்டிய வீடு. முன்னே நெல்வயல், பின்னே முந்திரித் தோப்பு, கொட்டிலில் மூன்று மாடுகள். கொட்டிலை அடுத்து ஆமை முதுகுபோல் மண்ணிலிருந்து சற்றே தலைகாட்டியது சாண எரிவாயுக் கலம். 'கோபர் காஸ்' என்பர் அவ்வூரார். நம்மவர் நிறைந்த மாதுங்காவிலேயே 1897ஆம் ஆண்டில், தொழுநோயாளர் இல்லத்தின் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து விளக்கேற்றினர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இங்குக் கண்டது 1984இல் வெளிவந்த 'தீனபந்து' வகை. முன்னர்ப் பரவியிருந்த வகையில் இரும்புத் தொட்டி ஒன்று மேலே மிதக்கும். கொங்கணத்து மழைக்கு இரும்பு எத்தனை நாள் தாங்கும்? இதுவோ செங்கல்லாலான குவிகூரை. சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து ஊற்றினால், காற்றுப்படாத உள்ளறையில் நுண்ணுயிர்கள் அதனைச் செரித்து மீதேன் மிகுந்த வாயுவைத் தருகின்றன. நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் வாயு தரும் சிறு கலத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ சாணம் வேண்டும்.

வைக்கோலையும் போடலாகாதா என்று எங்களுக்குத் தெரிந்த மராத்தியில் வினவினோம். "அதை மாடு தின்னட்டும், மாடு தருவதைக் கலம் தின்னட்டும்" என்றார் பெரியவர். வைக்கோல் மிதந்து ஏடுபோல் படிந்து வாயுவின் வழியை அடைத்துவிடும். வடித்த கஞ்சியும் சமையற் கழிவும் எளிதில் செரிக்கும். கொட்டை நீக்கிய முந்திரிப் பழங்கள் அப்பருவத்தில் தோப்பெங்கும் குவிந்து கிடந்தன. அவற்றையும் பிசைந்து சிறிதளவு சேர்க்கின்றனர். அளவு மிஞ்சினால் புளிப்பேறி வாயு நின்றுவிடும். நம் வயிற்றின் கதையும் ஏறத்தாழ அதுதானே!

வீட்டு அம்மையாரை எங்கள் குழந்தைகள் 'ஆஜி' என்றே அழைத்தனர். அவர் திருகைத் திருப்பியதும் நீலச் சுடர் எழுந்தது, தேநீர் கொதித்தது. முன்பெல்லாம் ஆடி மழையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண்கள் சிவந்து வீங்குமாம். அந்நாளைய கரி சுவரில் இன்னும் படிந்திருக்கிறது. வறட்டியாய் எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலத்திலிருந்து வழியும் கரைசலோ அதனை இழக்காமல் தென்னைக்கும் நெல்லுக்கும் எருவாகிறது.

அடுத்த வீட்டிலும் இத்தகைய கலம் ஒன்றுண்டு. பிள்ளைகள் மும்பைக்கு வந்துவிட, மாடுகளை விற்றுவிட்டனர். ஊற்றுவாரின்றி உலர்ந்த கலத்தின் கூரை வெடித்து, அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்துள்ளது. அதைச் சுட்டிக்காட்டி ஆஜி கேட்டார்: "மகன் பணம் அனுப்புகிறான், சிலிண்டர் வாங்கலாம். தினமும் சாணம் கரைக்கக் கை அனுப்புவானா?"

ஊரில் பெற்றோரை விட்டு வந்த எங்களுக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

மழைக்கு முன் ஒரு மாட்டை விற்றுவிடலாமா என்று பெரியவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு மாடுகளின் சாணத்துக்குக் காலைத் தேநீரும் ஒருவேளைச் சோறுமே ஆகும் என்பது ஆஜியின் கணக்கு.