கறுத்துப்போன இரண்டு முனைகள்

போன வாரம் அடையாறு வீட்டில் ஹால் ட்யூப்லைட் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் கழற்றிக் கீழே வைத்ததும் மகள் கேட்டாள், "ரெண்டு முனையும் ஏன்ப்பா இப்படிக் கறுத்திருக்கு?"

பதில் எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு டி.வி. மெக்கானிக் சொல்லிக் கொடுத்தது.

1996, உலகக் கோப்பை கிரிக்கெட் நேரம். எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யில் சத்தம் உடனே வரும். படம் வர ஐந்து நிமிஷம் ஆகும். அதுவும் சாம்பல் பூசினாற்போல இருக்கும். அப்பா முன்கூட்டியே ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவார்.

"பிக்சர் ட்யூப் வீக் சார்" என்றார் மெக்கானிக். ட்யூபின் கழுத்துக்குள் சின்ன உலோக மூடி ஒன்று. அதன் மேல் வெள்ளைப் பூச்சு. சூடானால் எலெக்ட்ரான்களை வீசும். அவை திரையில் மோதித்தான் படம் தெரிகிறது. அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டதாம்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வெறும் டங்ஸ்டன் கம்பி எலெக்ட்ரானைத் தாராளமாக விட 2,000 டிகிரிக்கு மேல் காய வேண்டும். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூசினால் சுமார் 800 டிகிரியே போதும். 1904-ல் வேனெல்ட் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது.

வழக்கமாக 6.3 வோல்ட்டில் காயும் ஹீட்டருக்கு மெக்கானிக் கொஞ்ச நேரம் கூடுதல் வோல்ட் கொடுத்தார். "அடியில இருக்கிற பேரியம் மேல வரும். ஆனா புதுசா எதுவும் போடலை சார். இருக்கிறதைத்தான் செலவு பண்றோம். எத்தனை மாசம் வருமோ..."

படம் பளிச்சென்று வந்தது. மார்ச் 9, பெங்களூரு. பாகிஸ்தானுக்கு எதிராக, வக்கார் யூனிஸ் பந்துகளை அஜய் ஜடேஜா விளாச, அப்பா சின்னப் பையன் மாதிரி கை தட்டினார்.

எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. "கலர் டி.வி. வாங்கிடலாம்ப்பா" என்றேன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்டா" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. தீபாவளிக்கு தி.நகரில் தள்ளுபடி வருமே!

ஆகஸ்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மூன்றே நாளில் போய்விட்டார். காரியங்கள் முடிந்த பிறகும் அந்த டி.வி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மகளுக்குச் சொன்னேன். "ட்யூப்லைட் முனைகளில் இருக்கிற கம்பியிலும் அதே மாதிரி பூச்சுதான். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் கொஞ்சம் தெறித்துக் கண்ணாடியில் படியும். அதுதான் கறுப்பு. அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும்."

"இப்ப நம்ம வீட்டுல இந்த மாதிரி எதுவும் இல்லையாப்பா?"

"மைக்ரோவேவ் அவனுக்குள்ளே இருக்கு. அங்கே பெரும்பாலும் தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பி. தோரியம் நம்ம கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கு!"

எலக்ட்ரீஷியன் எல்.இ.டி. மாட்டினார். சுவிட்சைத் தட்டியதும் வெளிச்சம். உள் அறையில் அம்மா போனைக் கண்ணருகே பிடித்துப் படிக்கத் திணறிக்கொண்டிருந்தாள். எழுத்துப் பெரிதாகத் தெரிகிற போன் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். 'பொங்கலுக்கு ஆஃபர் வரும்மா' என்று நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அவளை பாண்டி பஜாருக்கு அழைத்துப் போனேன்.