ஃபேர்ஹேவன்: ஜப்பான் மாணவிகள் வரைபடம் காட்டத் தேவையில்லாத ஊர்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் பள்ளி மாணவிக்கு முதல் வாரம் முழுக்க ஒரே வேலைதான். உலக வரைபடத்தை விரித்து, 'எங்க ஊர் இங்கேதான் இருக்கு' என்று விரல் வைத்துக் காட்டுவது. ஜப்பானின் டோசாஷிமிசுவிலிருந்து அமெரிக்காவின் ஃபேர்ஹேவனுக்கு வரும் மாணவிகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்கள் ஊர்க்காரர் ஒருவரை ஃபேர்ஹேவன் 180 ஆண்டுகளாக அறியும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அகுஷ்நெட் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது இந்த ஊர். எதிர்க்கரையில் நியூ பெட்ஃபோர்ட். ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் பெயர்போன துறைமுகம். ஃபேர்ஹேவன் சின்ன ஊர்தான், ஆனால் கட்டடங்களைப் பார்த்தால் ராஜா ஆண்ட ஊர் போலத் தோன்றும். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் பெரும்பணம் சேர்த்த ஹென்றி ஹட்டில்ஸ்டன் ராஜர்ஸ், தான் வளர்ந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தவை அவை. நூலகத்துக்கு, சின்ன வயதில் இறந்துபோன மகள் மில்லிசென்ட்டின் பெயர். 1906-ல் கட்டிய உயர்நிலைப் பள்ளி கோட்டை மாதிரியே நிற்கிறது.

இதெல்லாம் வருவதற்கு முன்பே இங்கே வந்து பள்ளிக்கூடம் போனவன் மஞ்சிரோ.

1841 ஜனவரியில், டோசா கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கப் போன ஐந்து பேரின் படகு புயலில் சிக்கியது. அதில் மிகச் சிறியவன் மஞ்சிரோ, வயது 14. தகப்பன் இல்லாத பிள்ளை. டோரிஷிமா என்ற ஆளில்லாத தீவில், கடற்பறவைகளைத் தின்று சுமார் ஐந்து மாதம் உயிர்பிழைத்தார்கள். 'ஜான் ஹௌலண்ட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. மற்ற நால்வரும் ஹவாயில் தங்கிவிட, கேப்டன் வில்லியம் விட்ஃபீல்டு இவனை மட்டும் தன் ஊருக்கு அழைத்துவந்தார். அது 1843. ஆங்கிலம், கணக்கு, கடல் வழி காணும் கலை, கூடவே பீப்பாய் செய்யும் தொழில் என்று எல்லாவற்றையும் கற்றான்.

ஊரே கைநீட்டி வரவேற்றது என்று சுற்றுலாக் கையேடு பாணியில் எழுதிவிட முடியாது. கேப்டன் போய்வந்த தேவாலயத்தில், கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய இருக்கையில்தான் இவன் உட்கார வேண்டும் என்றார்களாம். கேப்டன் அந்தச் சபையையே விட்டார். யூனிட்டேரியன் சபைக்கு மாறி, பையனைத் தன் குடும்பத்தோடு உட்காரவைத்தார். ஊர்ப்பெருமை பேசும்போது இந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறார்கள். அது நல்ல விஷயம்.

திரும்பிப் போவது இன்னும் ஆபத்து. ஜப்பான் அப்போது கதவடைத்துக் கிடந்த நாடு. வெளிநாடு போய்த் திரும்பினால் மரண தண்டனைகூடக் கிடைக்கலாம். ஆனால் மஞ்சிரோவுக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டிக் காசு சேர்த்து, சிறு படகு ஒன்றை வாங்கி, 1851-ல் ஓகினாவாவில் கரையேறினார். மாதக்கணக்கில் விசாரணை. அடுத்த ஆண்டுதான் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. 1853-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வாசலில் வந்து நின்றபோது, சந்தேகப்பட்ட அதே அரசு அவரை எடோவுக்கு அழைத்தது. பிறகு ஜப்பானியர்களுக்கு ஆங்கில உரையாடல் நூல் எழுதினார். 1870-ல் ஃபேர்ஹேவன் வந்து கேப்டனை மீண்டும் சந்தித்தார்.

1987-ல் இரு ஊர்களும் சகோதர நகரங்களாயின. அதே ஆண்டு அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவும் மிச்சிகோவும் இங்கே வந்துபோனார்கள். மாணவர் பரிமாற்றம் அந்த உறவில் வந்தது. வருகிற பிள்ளைகள் ஹோட்டலில் அல்ல, ஊர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்குகிறார்கள். விட்ஃபீல்டு வீட்டில் அன்று நடந்ததும் அதுதானே!

டோசாஷிமிசு இருப்பது கோச்சி மாகாணத்தில். கேரளத்துக் கொச்சி இல்லை, இது ஜப்பானின் கோச்சி. கையில் 'நருகோ' என்ற மரக்கட்டைகளைத் தட்டியபடி கூட்டமாக ஆடும் யோசகோய் நடனம் பிறந்த மண். பெட்டிக்குள் ஒரு ஜோடி நருகோவும், மடிக்கக் கொஞ்சம் வண்ணக் காகிதமும் இருந்தால், ஆங்கிலம் தடுமாறுகிற மாணவிகூட ஒரு வகுப்பறையைத் தன் பக்கம் இழுத்துவிடலாம். சூரை மீனைக் காயவைத்துச் சீவி, சூப்புக்கு ருசி கூட்டுவதைப் பற்றி அவள் சொன்னால், மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புரியாமலா போகும்?

செர்ரி தெருவில் கேப்டனின் வீடு பாழடைந்து கிடந்தது. டோக்கியோ மருத்துவர் ஷிகேயாகி ஹினோஹாரா ஜப்பானில் நிதி திரட்டி, அதை மீட்டு ஊருக்கே கொடுத்தார். 2009 முதல் அது அருங்காட்சியகம். மஞ்சிரோவின் மகன் 1918-ல் நன்றியாக அனுப்பிய சாமுராய் வாள் மில்லிசென்ட் நூலகத்தில் இருந்தது. 1977-ல் திருடுபோனது. இப்போது இருப்பது ஜப்பானிலிருந்து வந்த வேறொரு வாள்.

போஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மஞ்சிரோ திருவிழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், அக்டோபர் மாதம் நடக்கும். டைக்கோ மேளம் கேட்க வேண்டுமானால் அப்போது போகலாம். வீட்டைப் பார்ப்பதென்றால் நேரம் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.