எழுதுகிறவருக்கும் ஒத்திகை உண்டு

தமிழில் மேடை நாடகம் எழுத ஆளில்லை என்பது பழைய புலம்பல். நவீன நாடகக் குழுக்களின் ஒத்திகைகளையும் பயிற்சிப் பட்டறைகளையும் பார்த்து வந்ததில், எனக்கு அதில் உடன்பாடு குறைந்துகொண்டே போகிறது. எழுத விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பலரும் சிறுகதையோ கவிதையோ எழுதிக் கைபழகியவர்கள். அவர்களுக்குக் கிடைக்காதது, எழுதியதை நாலு நடிகர்கள் எழுந்து நின்று பேசிப் பார்க்கும் ஓர் இடம். இந்தத் தொழிலை அங்கேதான் கற்க முடியும் என்பது என் கட்சி.

முதல் வாசிப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிரதியைப் படிக்கும்போது எந்த வசனமும் நன்றாகவே இருக்கும். பிரதியைக் கீழே வைத்துவிட்டு நடக்கத் தொடங்கியதும் சிக்கல் தெரிகிறது. வீட்டை விற்கத் தீர்மானித்த அப்பாவிடம் மகள் ஐந்து வரி பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவாக நடிப்பவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றாலே அந்த ஐந்தில் நாலு வரிக்கு வேலை போய்விடும். நெறியாளர் அடிக்கச் சொல்வது பெரும்பாலும் எழுதியவர் ஆசையாக எழுதிய வரியைத்தான். ஒரே நடிகர் இரண்டு வேடம் கட்டினால், உடை மாற்றி வர அவருக்கு அவகாசம் வேண்டும்; அதற்காகச் சேர்க்கும் சிறு காட்சி சில சமயம் நாடகத்துக்கே உயிராகிவிடுவதும் உண்டு. இதெல்லாம் எழுதும் மேசையில் தெரியவராது.

ந. முத்துசாமி 1960களின் இறுதியிலேயே சிற்றிதழில் நாடகம் எழுதியவர். ஆனாலும் புரிசைத் தெருக்கூத்தைப் பார்த்த பிறகு அவர் தனியே எழுதிக்கொண்டிருப்பதோடு நிற்கவில்லை. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் பல்கலைக்கழக மாணவர்களுக்காகவும் கேட்டபோதெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர். 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மாணவர்கள் நடித்த நாடகம். இன்ன நடிகர்கள், இன்ன பார்வையாளர்கள் என்று கண்ணெதிரே தெரிந்த எழுத்து அது.

சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் ஒரே இரவில் அடித்தல் திருத்தல் இன்றி எழுதினார் என்று நாடக நடிகர் டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அதற்கு எந்த ஒத்திகை தேவைப்பட்டது என்று கேட்கலாம். சுவாமிகள் முன்பு எமனும் சனீஸ்வரனுமாக மேடையேறியவர். நாடக ஆசிரியராக இருந்து சபைப் பையன்களைப் பழக்கியவர். யார் குரல் எங்கே ஏறும், யாருக்கு எவ்வளவு வசனம் நெட்டுருவாகும் என்பது அந்த இரவுக்கு முன்பே அவருக்குத் தெரியும். இந்திரா பார்த்தசாரதியைக் காட்டி வாதாடுவது இதைவிட வலுவானது. நாவலாசிரியரான அவர், சொந்தமாகக் குழு ஏதும் வைத்துக்கொள்ளாமலே ‘மழை’யையும் ‘ஔரங்கசீப்’பையும் எழுதினார். இதை முழுதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அவருடைய நாவல்களே உரையாடலில் நடப்பவை. அவர் வாழ்ந்த டெல்லியில் அந்நாளில் தேசிய நாடகப் பள்ளியை அல்காசி நடத்திக்கொண்டிருந்தார். நல்ல நாடகம் பார்க்கக் கிடைத்த ஊர் அது. அந்த வசதி இல்லாத ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு அவரை முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமில்லை.

நடிகர் சொல்கிறபடியெல்லாம் மாற்றினால் எழுதியவரின் குரல் என்னாகும் என்ற கவலையும் உண்டு. ஆபத்துதான். வாயில் வராத வரியெல்லாம் மோசமான வரி ஆகிவிடாது. பழகப் பழக வரக்கூடியதும் இருக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது, எதற்காகச் சண்டை போடுவது என்று தெரியப் பல ஒத்திகைகளில் உட்கார்ந்தாக வேண்டும். இப்போதைய பட்டறைகளோ சில நாளில் முடிந்துவிடுகின்றன. கடைசி நாளில் ஒரு சிறு நிகழ்வு, சான்றிதழ், குழுப் புகைப்படம். நடிகருக்கு அதில் கொஞ்சம் உடற்பயிற்சியாவது மிஞ்சும். எழுத வந்தவர் எந்த வரியை அடிக்கலாம் என்று பிடிபடத் தொடங்கும்போதே ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. தயாரிப்புச் செலவுக் கணக்கில் அரங்க வாடகையும் விளக்கும் இருக்கும். எழுத்தாளர் மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வந்து போகும் செலவை யாரும் அதில் எழுதி நான் பார்க்கவில்லை.