யார் திருகியது?

அப்பா பால் கேன் கட்டிப் போகிற வண்டிக்குப் போன வாரம்தான் புது கிளட்ச் பிளேட் போட்டோம். அந்த வாரத்துப் பால் பணம் அதற்கே போய்விட்டது. நாலாம் நாள் ஏரிக்கரை மேட்டில் எஞ்சின் உறுமுது, வண்டி இழுக்கல. நான் இறங்கித் தள்ளினேன். "மட்டமான பிளேட்டைப் போட்டு ஏமாத்திட்டே" என்று அப்பா ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சத்தம் போட்டார். எனக்கு ஒரே வெட்கம்.

மெக்கானிக் அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. "என்ன ஆயில் ஊத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். சில கார் ஆயில் ஊற்றினாலும் பிளேட் வழுக்குமாம். ஆயில் சரிதான். அப்புறம் கிளட்ச் லிவரை என்னை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆடவே இல்லை! நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆடணுமாம். கேபிள் இழுத்தபடியே இருந்தால், நாம் பிடிக்காமலே கிளட்சைப் பாதி பிடித்த மாதிரிதான். ஸ்பிரிங் பிளேட்டை முழுசாக அழுத்தாது.

"கேபிளை யார் டைட் பண்ணது?"

கியர் விழக் கஷ்டமா இருக்குன்னு ஞாயிற்றுக்கிழமை திருகியது அப்பாதான். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான்.

அண்ணன் நட்டைத் தளர்த்தினார். காசு வாங்கவில்லை. "ரெண்டு நாள் வழுக்கியே ஓடியிருக்கு. பிளேட் கருகியிருந்தா மறுபடியும் வரும், பார்ப்போம்" என்றார். திரும்பும்போது அதே மேட்டில் வண்டி நன்றாக இழுத்தது. அப்பா வீடு வரை வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் அரை லிட்டர் பால் ஊற்றி, "ஒர்க்‌ஷாப்புல குடுத்துட்டுப் பள்ளிக்கூடம் போ" என்றார்.